அம்மிணிக்குத் தெரியாதது

பொய் சொல்லத் தெரியாத ஒருத்தியை வாசலில் உட்கார வைத்துக்கொண்டு வியாபாரம் செய்வது எவ்வளவு கஷ்டம் என்பது, பதில் சட்டம் வந்த பிறகுதான் கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் புரிந்தது.

கிணற்றுக்கு மோட்டார் செய்த ஊர், இப்போது நெஞ்சுக்கு மோட்டார் செய்கிறது. இதயம் களைத்துப்போனவர்களுக்கு உள்ளே ஒரு சின்ன பம்ப்பை வைத்துத் தைத்துவிட்டால், மனிதர் எழுந்து வேலைக்குப் போகிறார், சண்டை போடுகிறார், கல்யாண வீட்டில் இரண்டாம் பந்தியிலும் உட்காருகிறார். அந்தப் பம்ப்பைச் செய்து விற்பதில் முதலிடம் பீளமேட்டில் இருந்த இளவேனில் ஹார்ட் பம்ப்ஸுக்கு.

உடம்புக்குள் வைக்கும் எந்தப் பொருளை விற்றாலும் கம்பெனி வாசலில் ஒரு பதில் கூடம் இருக்க வேண்டும் என்றது சட்டம். கூடத்தில் ஒரு இயந்திரம். கம்பெனிக்குள் எழுதப்படுவது, சோதிக்கப்படுவது, அறைகளில் பேசப்படுவது எல்லாம் அதன் காதுக்குப் போகும். பொருளை வாங்கியவர், அவர் வீட்டார், டாக்டர், யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். தெரிந்ததை அது மறைக்கக் கூடாது. தெரியாததை ஊகித்துச் சொல்லவும் கூடாது. கேள்வியும் பதிலும் எல்லா மாடியிலும் ஒலிபெருக்கியில் கேட்க வேண்டும், யாரும் காதில் விழவில்லை என்று சொல்லிவிடக் கூடாதல்லவா? அரசாங்கம் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்தது. வந்தவர்கள் அதன் குரலைக் கேட்டுவிட்டு அம்மிணி என்று கூப்பிட்டார்கள். அதுவே நிலைத்தது.

சட்டம் எழுதியவர்கள் நல்லவர்கள். ஆனால் நல்லவர்களுக்கே உரிய ஒரு ஓட்டையை விட்டுவிட்டார்கள். தெரிந்ததை மறைத்தால்தான் தண்டனை. தெரிந்துகொள்ளாமலே இருந்துவிட்டால்? நம்மாட்கள் விடுவார்களா.

சம்யுக்தாவின் முகவரி அட்டையில் தர உறுதி மேலாளர் என்று இருந்தது. உண்மையான வேலை வேறு. எந்தச் சோதனையைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று பிரிப்பது. பாஸ் ஆகும் சோதனைகள் விமரிசையாக நடந்தன. என்ன வரும் என்று தெரியாத சோதனைகளுக்கு நேரம் கிடைக்கவில்லை. அவள் கெட்டிக்காரி. எங்கே பார்க்கக் கூடாது என்று கண்டுபிடிக்கவும் ஒரு மூளை வேண்டும். அந்த மூளைக்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

அவள் செய்ததிலேயே பெரிய ஏற்பாடு மூன்றாம் மாடியில் பூட்டிக் கிடந்த அறை. பம்ப் வைத்தவர் இறந்துபோனால், தகனத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிடுவார்கள், நெருப்பில் பேட்டரி வெடிக்கும் என்பதால். எடுத்ததைச் சீல் வைத்த பெட்டியில் கம்பெனிக்கு அனுப்புவார்கள். முன்பெல்லாம் பிரித்துப் பார்ப்பது வழக்கம். சட்டம் வந்த பிறகு சம்யுக்தா சொன்னாள், பிரிக்க வேண்டாம், பத்திரமாக வைத்தால் போதும். பிரித்தால் ஏதாவது ஒரு கீறல் இருக்கும். கீறல் கண்ணில் பட்டால் அம்மிணிக்குத் தெரியும். அம்மிணிக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும். கீறலால்தான் அவர் இறந்தார் என்று யார் சொன்னது? எதற்கு வீண் பீதி? எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது. அவளுக்கும்தான்.

ஏழாம் எண் மாடல் வந்த பிறகு அந்த அறையில் நாற்பதுக்கும் மேல் பெட்டிகள் சேர்ந்திருந்தன.

*

அண்ணன் கௌதம் சிங்காநல்லூரில் பேக்கரி வைத்திருக்கிறான். அப்பா இல்லாத வீட்டில் அவளை இன்ஜினியரிங் படிக்க வைத்தவன் அவன்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் கடைக்குப் போனபோது, அவன் ஓவன் பக்கத்திலிருந்து விலகி வந்து ஃபேனுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தான். ஒரு கை நெஞ்சில் இருந்தது.

"என்னங்ணா?"

"ஒண்ணுமில்ல சம்மு. அடுப்புக்கிட்ட கொஞ்ச நேரம் நின்னா உள்ள விர்ருங்குது. நகந்து வந்தா நின்னுருது. நீயே பாரு."

அவள் கையைப் பிடித்து நெஞ்சில் வைத்தான். கோயம்புத்தூரில் பிறந்தவர்களுக்கு மோட்டார் சத்தத்தைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பேரிங் தேய்கிற சத்தத்தை அவள் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறாள். உள்ளங்கை வழியாகக் கேட்பது இதுதான் முதல் தடவை.

"மூணு மாசம் முன்னாடி பம்ப் வெச்சதுதானே? நம்ம பழைய மாடல் இப்புடிப் பண்ணாதே."

"பழசு எங்க. புதுசு போட்டாங்க." கல்லாவைத் திறந்து நோயாளி அட்டையை எடுத்துக் கொடுத்தான். நீல அட்டை. ஏழாம் மாடல். "ஏன், உனக்குத் தெரியாதா? உன்ற கம்பெனி சரக்கு."

ஆஸ்பத்திரியில் அவன் படுத்திருந்த நாளெல்லாம் அவள்தான் கூட இருந்தாள். கஞ்சி ஊட்டினாள், டாக்டர்களோடு பேசினாள். மாடல் எது என்று மட்டும் கேட்கவில்லை. பழசாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"கண்ணு, இது நல்லதுதானே?" என்றான் கௌதம்.

"எனக்குத் தெரியாதுங்ணா," என்றாள். அது உண்மை. அவ்வளவு கேவலமான உண்மையை அவள் வாழ்க்கையில் சொன்னதில்லை.

மறுநாள் டாக்டரைப் போய்ப் பார்த்தாள். அவர் சுற்றி வளைக்கவில்லை. "மூணு மாசத்துல ரெண்டாவது தடவை நெஞ்சத் திறக்கணுங்கிறீங்க. எழுந்திரிக்கிறதுக்கு பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு. பம்ப் நல்லா இருந்தா நான் ஏன் அந்த ரிஸ்க் எடுக்கணும்? கெட்டுப்போயிருந்தா ஏன் ஒரு நாள் காத்திருக்கணும்? நல்லா இருக்கா இல்லையானு உங்க கம்பெனிதான் சொல்லணும். அம்மிணியக் கேட்டேன், தெரியாதுங்குது."

தெரியாது என்ற சொல் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்கு அவளுக்குத் தெரிந்தது.

*

கம்பெனியில் முக்கியமான பேச்சுகள் காரில்தான் நடக்கும். கேட்டைத் தாண்டிவிட்டால் அம்மிணிக்குக் காது கிடையாது. "வாங்க, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்" என்று எம்.டி. சபரிநாதன் யாரிடமாவது சொன்னால், அவருக்குப் பதவி உயர்வு அல்லது வேலை போயிற்று என்று அர்த்தம். இந்தத் தடவை சம்யுக்தாதான் அவரைக் கூப்பிட்டாள். அவர் ஆச்சரியப்பட்டாலும் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்.

அவிநாசி ரோட்டில் பாலத்துக்குக் கீழே போகும்போது அவள் சொன்னாள். "ஒரே ஒரு பெட்டியத் திறந்து பாக்கோணுங்க சார். ஏழாம் மாடல்ல ஒண்ணு."

சிக்னலில் நின்றபோது, "எதுக்குங்க?" என்றார். அவர் யாரையும் மரியாதை இல்லாமல் பேசமாட்டார். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும்.

"எங்கண்ணனுக்கு அதுதான் வெச்சிருக்குது. சூடு பட்டா பேரிங் சத்தம் வருது."

"அடடா." அவர் முகம் நிஜமாகவே வாடியது. "ஏனுங்க மொதல்லயே சொல்லல? பழைய மாடல் ஒண்ணு மாத்திக் குடுத்தர்லாம். செலவு முழுக்க நம்முளது. வெளிய தெரிய வேண்டியதில்ல."

"அது நல்லா இருக்குதா இல்லையான்னே தெரியாம எப்புடிங்க சார் நெஞ்சத் திறக்கறது? திறந்தா பாதி உசுரு போயிரும்னு டாக்டர் சொல்றாரு. தெரிஞ்சுட்டா முடிவு பண்ணலாம். தெரியாம ஒண்ணும் பண்ண முடியல."

"திறந்து பாத்து, கெட்டுப்போயிருந்துச்சுன்னு வெச்சுக்கங்க. அடுத்த நிமிசம் அம்மிணிக்குத் தெரியும். அன்னைக்கே ஏழாம் மாடல் வெச்ச அத்தனை பேருக்கும் சொல்லோணும். பதினோராயிரம் பேருங்க. மாத்தறதுக்குப் பம்ப் இருக்குதா? ஆபரேசன் பண்ண டாக்டர் இருக்கறாங்களா? பாதிப்பேரு பயத்துலயே போயிருவாங்க. கம்பெனிய இழுத்து மூடுனா, மீதிப்பேருக்கு பேட்டரி யாரு குடுப்பா? தெரிஞ்சுக்கறதுனாலயும் மனுசன் சாவானுங்க. நீங்க சொன்னதுதான இது, எனக்கு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

அவள் சொல்லிக் கொடுத்ததுதான். வார்த்தைகூட அவளுடையது. மீட்டிங்கில் அவள் அதைச் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். இப்போது அதையே அவர் திருப்பிச் சொல்லும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உள்ள வந்து கேட்டா என்ன சொல்வீங்க சார்? ரெக்கார்டுல இருக்கற மாதிரி?"

"பாக்கலாம்னு சொல்வேனுங்க," என்றார் சபரிநாதன். "ஆறு மாசத்துக்குச் சொல்வேன். அறைச் சாவி எங்கிட்ட இருக்குது. உங்க அண்ணன் விசயத்துல நான் சொன்னது சொன்னதுதான். வீட்ல பேசிப்போட்டுச் சொல்லுங்க. மத்தத மறந்துருங்க."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் சுலபமாகத் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

*

கம்பெனியில் வேலை செய்பவர்கள் அம்மிணியிடம் கேட்பதோ, பொருளை வாங்கியவருக்குக் கேள்வியைச் சொல்லிக் கொடுப்பதோ ஒப்பந்தப்படி குற்றம். வேலை போகும், வழக்கு வரும், வேறு எங்கும் சேர முடியாது. சம்யுக்தா கையெழுத்துப் போட்டதெல்லாம் அவளுக்கு நினைவிருந்தது. புதன்கிழமை காலையில் பேக்கரிக்குப் போய் ஒரு டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள்.

"அண்ணா, நாளைக்குக் கம்பெனிக்கு வாங்க. அம்மிணிகிட்ட ஒண்ணு கேக்கோணும்."

"அதான் டாக்டரே கேட்டுட்டாராமா. தெரியாதுன்னு சொல்லுச்சாமா."

"எல்லாரும் நல்லா இருக்குதான்னு கேக்கறாங்க. அப்புடிக் கேக்காதீங்க. எதையெல்லாம் பாக்க வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கறீங்கன்னு கேளுங்க. யாரு முடிவு பண்ணுனதுன்னும் கேளுங்க. வேணும்னே பாக்காம விட்டது வெளிய வந்துட்டா, சட்டப்படி அதப் பாத்தே ஆகோணும்."

கௌதம் தங்கையை ஏற இறங்கப் பார்த்தான். இருபது வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்து மனிதர்களைப் பார்ப்பவன். "யாரு முடிவு பண்ணுனதுன்னு உனக்குத் தெரியுமா?"

"கேளுங்ணா," என்றாள். டீயை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தன் பெயர் வரும் என்று அவளுக்குத் தெரியும். அதற்குத் தயாராகிவிட்டதாகத்தான் நினைத்தாள். பெயர் வரும், அண்ணன் அதிர்ச்சியடைவான், பெட்டி திறக்கப்படும், உயிர் பிழைக்கும், பிறகு மெதுவாக மன்னிப்பான். கணக்குப் போட்டு வாழ்ந்தவர்கள் மன்னிப்புக்கும் கணக்குப் போடுவார்கள்.

*

மறுநாள் பதினோரு மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. வியாழக்கிழமை, இடுப்பில் மாட்டும் வெளிப் பேட்டரியை மாற்றும் நாள் என்பதால் கூட்டம் எப்போதும் அதிகம். சம்யுக்தா மேலே தன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே கண்ணாடி அறையில் சபரிநாதன் யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் அண்ணனுடைய குரல் வந்ததும் அவள் விரல்கள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டன.

"வணக்கம் அம்மிணி. சிங்காநல்லூர் கௌதம். ஏழாம் மாடல் வெச்சிருக்குது. அது நல்லா இருக்குதா?"

"வணக்கமுங்க. செஞ்ச சோதனை எல்லாத்துலயும் பாஸ் ஆகியிருக்குதுங்க."

எல்லோருக்கும் சொல்கிற பதில்தான். வழக்கமாக அதைக் கேட்டுவிட்டு நன்றி சொல்லி எழுந்துவிடுவார்கள்.

"சரி. எதையெல்லாம் பாக்க வேண்டாம்னு முடிவு பண்ணி வெச்சிருக்கறீங்க?"

சபரிநாதன் போனைக் காதிலிருந்து எடுத்தார். மாடி முழுக்கத் தட்டச்சுச் சத்தம் நின்றது. அம்மிணி இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு யாரும் பார்த்ததில்லை. அந்தக் கேள்வியை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கம்பெனியில் யாருக்கும் தோன்றாதது ஒன்று இருந்தது. ஒரு இடத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டுமென்றால் அந்த இடம் எது என்று பேசித்தானே ஆக வேண்டும்? காரில் பேசியது போக, சாவகாசமாக, டீயும் முறுக்குமாக, மீட்டிங் அறையில் உட்கார்ந்து அவ்வளவும் பேசியிருந்தார்கள். வேண்டாம் என்று சொல்வது ஒரு தகவல் என்று எவருக்கும் உறைக்கவில்லை.

"ஏழாம் மாடல்ல சூட்டுச் சோதனை செய்ய வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்காங்க," என்றது அம்மிணி. "பேரிங் பூச்சு மாத்துன பிறகு நீண்ட ஓட்டச் சோதனை வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்காங்க. இறந்தவங்க நெஞ்சுல இருந்து எடுத்த பம்ப் நாப்பத்தி மூணு, மூணாம் மாடியில பெட்டியில இருக்குது. அதுல ஒண்ணையும் திறக்க வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்காங்க. அதனால உங்க பம்ப் நல்லா இருக்குதான்னு எனக்குத் தெரியாதுங்க."

ஒலிபெருக்கியில் நாற்காலி ஒன்று நகரும் சத்தம் கேட்டது.

"யாரு முடிவு பண்ணுனது?"

"தர உறுதி மேலாளர் சம்யுக்தா. எம்.டி. சபரிநாதன் ஒத்துக்கிட்டாருங்க."

வந்துவிட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணன் எழுந்துவிடுவான் என்று நினைத்தாள். அவன் எழவில்லை. தொண்டையைச் செருமிவிட்டு, அவள் சொல்லிக் கொடுக்காத கேள்வி ஒன்றைக் கேட்டான்.

"என்ற நெஞ்சுல வெக்கறது அந்த மாடல்தான்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா? அது என்ற தங்கச்சி."

"தெரியாதுங்க," என்றது அம்மிணி. கூடத்தில் யாரோ மூச்சு விட்டார்கள். "மூணு மாசம் முன்னாடி, ஏழாம் மாடல் அந்த மாசம் யார் யாருக்குப் போகுதுன்னு பேர் படிக்கட்டுங்களான்னு ஸ்டோர்ஸ்ல இருந்து உங்க தங்கச்சியக் கேட்டாங்க. 'பேர் வேண்டாம், எத்தனை பேர்னு சொன்னாப் போதும்'னு சொன்னாங்க. அந்தப் பேர்ல உங்க பேரும் இருந்துச்சுங்க."

அவளுக்கு மறந்தே போயிருந்தது. எந்த நாள் என்றுகூட நினைவில்லை. ஏதோ அவசரத்தில், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சொல்லியிருப்பாள். அண்ணனுடைய பெயர் தன் காதுக்கு ஒரு வாக்கியத் தூரத்தில் வந்து நின்றபோது அவளே கதவைச் சாத்தியிருக்கிறாள். பம்ப்பைப் பற்றி மட்டும்தான் தெரிந்துகொள்ளாமல் இருக்கிறோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். மனிதர்களைப் பற்றியும்தான்.

"அப்ப நான் என்ன பண்ணட்டும்?" கௌதமின் குரல் இப்போதுதான் உடைந்தது. "நெஞ்சத் திறக்கறதா, விடறதா? சொல்லு அம்மிணி."

"எனக்குத் தெரியாதுங்க. பெட்டியத் திறந்தாத்தான் தெரியும். நீங்க கேட்டுட்டதால இனிச் சட்டப்படி திறந்தே ஆகோணும். நான் திறக்க முடியாதுங்க. எனக்குக் கை இல்லை."

சபரிநாதன் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது. "கீழ போயிராதீங்க சம்யுக்தா. வக்கீல் வந்துட்டு இருக்கறாரு. அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேச வேண்டாம்."

"சாவியக் குடுங்க சார்," என்றாள்.

"இங்க பேச வேண்டாங்க. வாங்க, காருல ஒரு ரவுண்டு..."

சொல்லி முடிக்காமல் அவரே நிறுத்திக்கொண்டார். எல்லா மேஜையிலிருந்தும் தலைகள் திரும்பியிருந்தன. அவர் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார், கையில் கொடுக்கவில்லை. அவள் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

கூடத்தில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். ஒருவரும் கூச்சல் போடவில்லை. எல்லோருடைய வலது கையும் அவரவர் நெஞ்சில் இருந்தது. தன் நெஞ்சுச் சத்தத்தைத் தானே கேட்டுக்கொண்டு நின்ற அந்தக் கூட்டத்துக்கு முன்னால் சம்யுக்தா கடைசிப் படியில் நின்றாள். ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. பிறகு சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்து, அம்மிணிக்குப் பக்கத்தில் போட்டு, அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"எங்கிட்டக் கேளுங்ணா," என்றாள். "எனக்குத் தெரிஞ்சத எல்லாம் சொல்றேன். சொல்லிட்டு மேல போயி பெட்டியத் திறக்கறேன். எல்லாரும் கூட வாங்க."

கௌதம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சாவியைப் பார்த்தான். நாற்காலியைப் பிடித்து மெதுவாக எழுந்தான். பின்னால் வரிசையில் நின்றிருந்த ஒரு பெண்ணுக்கு இடம் விட்டான். ஐம்பது வயதிருக்கும், நெற்றி வெறுமையாக இருந்தது. கையில் துணிப்பை.

"இவங்க மொதல்ல கேக்கட்டும்," என்றான். "அன்னூர்ல இருந்து மாசாமாசம் வர்றாங்களாமா. வீட்டுக்காரரு எதுனால போனாருன்னு கேட்டு, தெரியாதுன்னு சொல்லி அனுப்பியிருக்கறீங்க."

அந்தப் பெண் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். பேங்க்கிலும் ஆஸ்பத்திரியிலும் காத்திருந்து பழகியவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள். இயந்திரத்தைப் பார்த்தாள், பிறகு சம்யுக்தாவைப் பார்த்தாள். யாரிடம் பேசுவது என்று தெரியாமல் கொஞ்சம் தயங்கினாள்.

"அவரோட பெட்டி நம்பரு எனக்குத் தெரியாது கண்ணு," என்றாள். "பேரு சொன்னாப் போதுங்களா?"

"சொல்லுங்க," என்றாள் சம்யுக்தா.